சட்டம் பயின்றோர்க்கு வாணிபத்தின் வாயில்



திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டை என்றோர் இடம் உண்டு. அருள்மிகு பத்மநாப சுவாமி திருக்கோயிலைச் சூழ்ந்த பழைய கோட்டையின் கீழ்த்திசை வாயில் அது. வாயிலுக்கு வெளியே பஸ் நிலையம், அருகே பழவங்காடிப் பிள்ளையார் கோயில், காந்தி பூங்கா, அதற்கப்பால் சாலைக் கடைத்தெரு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் இராஜா கேசவதாசர் வகுத்த சந்தை அது. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து கடை வைத்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே பலவுண்டு. தோவாளைப் பூ வந்து இறங்குவதும், பருப்பு மூட்டையின் விலையைத் தமிழிற் கேட்டு மலையாளத்தில் எழுதிக்கொள்வதும் அங்கே அன்றாடக் காட்சி.

நாம் மத்திய அரசாங்கத்து அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி வருகிறோம். கிழக்கேகோட்டைக்கு அருகே குடியிருக்கத் தொடங்கிப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. நாம் குடியிருப்பது மாடியில். கீழ்வீட்டில் நெல்லைச் சீமையிலிருந்து வந்த ஒரு குடும்பம். அவ்வீட்டுப் பெண் இந்நகரத்துச் சட்டக் கல்லூரியில் படித்துத் தேறியவள். 1875-ஆம் ஆண்டில் தோன்றிய பழம்பெருங் கல்லூரி அது. இப்பொழுது வஞ்சியூர் நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஓராண்டாக ஜூனியராக இருக்கிறாள். சென்ற மாதம் ஒரு மாலை, காந்தி பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது அவள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

“மாமா, சட்டத்தில் எந்தத் துறையை இப்போது எடுத்துக்கொண்டால், பத்தாண்டு கழித்து ஒரு கம்பெனியின் நிர்வாகத்தில் இடம் பெறலாம்? வாழ்நாள் முழுவதும் வக்கீலாகவே இருந்துவிட எனக்கு மனமில்லை. தீங்கு நேர்ந்த பிறகு கோர்ட்டில் நின்று பேசுவதைவிட, கையெழுத்து விழுவதற்கு முன்பே அந்த மேசையருகில் இருக்க வேண்டும்.”

இக்கேள்வி அவள் ஒருத்தியின் கேள்வியன்று. மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் சட்டம் பயிலும் பிள்ளைகள் பலர் இதையே கேட்கின்றனர். ஆயினும் அவள் கேட்டதற்குத் தனியாக ஒரு காரணம் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுவது நலம்.

அவளுடைய தந்தையார் சாலைத் தெருவில் மளிகை மொத்தக் கடை வைத்திருந்தவர். ஏழாண்டுகளுக்கு முன் நெருங்கிய நண்பர் ஒருவர் வங்கியில் கடன் வாங்கினார். அதற்குப் பிணையாளராக இவர் கையெழுத்திட்டார். நண்பரின் தொழில் நொடித்தது. வங்கியின் கடிதம் இவர் பெயருக்கு வந்தது. “முதலில் கடன் வாங்கியவர் சொத்தை விற்பார்கள், போதாவிட்டால்தானே நம்மிடம் வருவார்கள்” என்று அவர் நம்பியிருந்தார். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, பத்திரத்தில் வேறு விதமாகக் கண்டிருந்தாலன்றி, பிணையாளரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் ஒரே அளவினவே என்று கூறுகின்றது. கடனாளியை விட்டுவிட்டு நேரே பிணையாளரிடம் வருவதற்கும் கடன் கொடுத்தவருக்கு உரிமை உண்டென்பதை உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே உறுதிசெய்துவிட்டது. கடை கைமாறிற்று. அதே தெருவில் இன்னொருவர் கடையில் அவர் இன்று கணக்கு எழுதுகிறார்.

இக்கதையைக் கேட்டபோது நம் மனம் குறுகுறுத்தது. அதற்கும் காரணம் உண்டு. நாம் சட்டம் படித்தவர் அல்லோம், கலைப் பட்டதாரி. எனினும் சட்டச் சொற்களைத் தமிழாக்குவது நம் பிழைப்பு. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பிணைப் பத்திரத்தின் படிவத்தை மொழிபெயர்க்க நேர்ந்தது. ‘கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவோம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில், ஒரே கருத்தை இருமுறை கூறுவானேன் என்று எண்ணி, ‘கூட்டாகப் பொறுப்பாவோம்’ என்று மட்டும் எழுதினோம். ஓசை நன்றாயிருந்தது; பொருள் கெட்டுப்போயிற்று. மேலதிகாரி அதைக் கண்டுபிடித்து நம்மை அழைத்து, “நீங்கள் விட்டுவிட்ட அந்த ஒரு சொல்லில் ஒருவனுடைய வீடு இருக்கிறது, ஐயா” என்றார். கீழ்வீட்டாரின் கதையைக் கேட்ட அன்று அச்சொல்லின் பாரம் நமக்கு முழுதும் விளங்கிற்று.

ஆகவே, அப்பெண்ணுக்கு உடனே விடை கூறத் துணியவில்லை. சில நாள் அவகாசம் கேட்டு, தெரிந்தவர்களை விசாரித்து, படிக்க வேண்டியவற்றைப் படித்து, பிறகு அவளிடம் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்கிறோம்.

வழக்கறிஞர்க்கும் வணிகர்க்கும் உள்ள பெரிய வேற்றுமை என்ன? வழக்கறிஞர் அறிவுரை கூறுகிறார். அதனால் வரும் இலாப நட்டம் கட்சிக்காரருடையது. வணிகரோ தாமே முடிவு செய்து, அதன் நட்டத்தையும் தாமே சுமக்கிறார். ஆகவே, சட்டத்திலிருந்து வாணிபத்துக்குப் போக விரும்புவோர் எந்தத் துறையில் வருமானம் மிகுதி என்று கேட்பதைவிட, எந்தத் துறையில் நின்றால் நட்டம் எங்கே பிறக்கிறது, யார் தலையில் விழுகிறது என்பதை அருகிலிருந்து காணலாம் என்று கேட்பதே முறை. இந்த ஒரு கேள்வியை அளவுகோலாகக் கொண்டால் துறைகளின் தன்மை தானே விளங்கும்.

எத்துறையாயினும் அதற்கு முன் ஒரு படிப்பு உண்டு. அது கணக்கு. 1893-ஆம் ஆண்டில் இளம் பாரிஸ்டர் காந்தி, தாதா அப்துல்லா கம்பெனியின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். வழக்கோ முழுவதும் வரவு செலவுக் கணக்கைப் பற்றியது. அவருக்கோ பற்று எது, வரவு எது என்பதே தெரியாது. ‘பி. நோட்’ என்று குமாஸ்தாக்கள் பேசிக்கொண்டார்கள். அது கடனுறுதிச் சீட்டைக் குறிப்பதென்று பிறகுதான் அவர் அறிந்தார். வெட்கப்பட்டு ஒதுங்கிவிடாமல் கணக்கியல் நூலொன்றை விலைக்கு வாங்கிப் படித்தார். கணக்கைக் கற்றதனால் வழக்கின் உண்மைகளைக் கற்றார். உண்மைகளைக் கற்றதனால் இரு தரப்பாரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்கச் செய்தார். காந்தி பூங்காவில் அவர் சிலைக்கருகே உட்கார்ந்து கேட்கப்பட்ட கேள்விக்கு அவர் வாழ்க்கையிலேயே முதல் விடை கிடைத்தது நமக்கு மகிழ்ச்சி அளித்தது.

இனித் துறைகளைப் பார்ப்போம்.

முதலாவது ஒப்பந்தத் துறை. வாங்குதல், விற்றல், வாடகை, ஏஜென்சி, பிணை ஆகிய எல்லாவற்றுக்கும் எழுத்து வடிவம் கொடுப்பது இது. நீதிமன்றத்தில் வழக்கைப் பிற்பகுதியிலிருந்து காண்கிறோம். ஒப்பந்தம் எழுதுபவரோ அதை முதலிலிருந்தே காண்கிறார். சரக்கு நேரத்துக்கு வராவிட்டால் என்ன, பணம் தாமதமானால் என்ன, கூட்டாளி விலகினால் என்ன என்று இன்னும் நேராத கேடுகளை எண்ணிப் பார்ப்பதே இவருடைய வேலை. கம்பெனி நிர்வாகியின் வேலையும் ஏறக்குறைய அதுவேயன்றோ! 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் இந்நகரில் இருப்பதால், கணினி மென்பொருள் ஒப்பந்தங்களை எழுதப் பழகுவதற்கும் இங்கே வாய்ப்புண்டு.

இரண்டாவது கம்பெனிச் சட்டம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின்படி, பங்குச் சந்தையில் பதிவுபெற்ற கம்பெனிகளும், செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடி ரூபாய்க்குக் குறையாத பிற பொதுக் கம்பெனிகளும் முழுநேரக் கம்பெனிச் செயலாளர் ஒருவரை வைத்திருத்தல் வேண்டும். இயக்குநர் குழு கூடும் அறையில் சட்டம் அறிந்த ஒருவருக்கு இப்படி நாற்காலி போட்டிருக்கிறது. ஆனால் அந்த நாற்காலிக்குச் சட்டப் பட்டம் மட்டும் போதாது. கம்பெனிச் செயலாளர் கழகத்தின் தேர்வுகளில் தேற வேண்டும். இதை அறியாமல், பட்டம் பெற்ற பிறகு ஏமாற்றம் அடைவோர் உண்டு. தொடக்கத்திலேயே தெரிந்துகொண்டால் இரண்டு படிப்பையும் அடுத்தடுத்து முடித்துவிடலாம்.

மூன்றாவது வரித் துறை. 2017 ஜூலை 1-ஆம் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தது முதல், சிறு கடைக்காரரும் வரி ஆலோசனை கேட்கும் நிலை ஏற்பட்டிருக்கிறது. கணக்குப் புத்தகத்தின் உள்ளே நுழைந்து பார்க்கும் உரிமை வரி வழக்கறிஞருக்குக் கிடைப்பது போல் வேறெவர்க்கும் எளிதில் கிடைப்பதில்லை. நிதி நிர்வாகத்துக்கு இது நல்ல படிக்கட்டு. எனினும் ஒரு குறையுண்டு. முடிந்துபோன வியாபாரத்தையே வரித் துறை பெரும்பாலும் பார்க்கிறது. இனிச் செய்யப்போகும் வியாபாரத்தைப் பார்ப்பது குறைவு. அதிலேயே நெடுங்காலம் இருப்போர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

நான்காவது தொழிலாளர் சட்டம். இதைத் தாழ்வாக எண்ணுவோர் உளர், அது தவறு. ஆலையை நடத்துவது இயந்திரம் அன்று, மனிதர். 29 பழைய சட்டங்களுக்கு மாற்றாக அமைந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. பழகிய வழக்கறிஞரும் புதிய வழக்கறிஞரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டிய காலம் இது. இளைஞர்க்கு இத்தகைய சமவாய்ப்பு அடிக்கடி வாய்ப்பதன்று.

ஐந்தாவது நொடிப்புத் துறை, அதாவது திவால் சட்டம். நாம் கூறிய அளவுகோலுக்கு மிக நெருங்கி நிற்பது இதுவே. 2016-ஆம் ஆண்டு நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின்படி, கடனைத் தீர்க்க இயலாத கம்பெனி மீது தீர்ப்பாயத்தில் நடவடிக்கை தொடங்கினால், அக்கம்பெனியின் இயக்குநர் குழு அதிகாரமற்று நிற்கும். தீர்வு வல்லுநர் ஒருவர் நிர்வாகத்தை ஏற்பார். அலுவலகம், தொழிற்சாலை, வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியல் எல்லாம் அவர் கைக்கு வரும். பத்தாண்டுக் காலம் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தவர், அதற்குரிய பயிற்சியும் தேர்வும் முடித்துப் பதிவு பெற்றால் இப்பணிக்கு வரலாம். வழக்கறிஞர் ஒருவரைச் சட்டமே அழைத்துச் சென்று கம்பெனி நிர்வாகியின் இருக்கையில் அமர்த்துவது இத்துறையில்தான். தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் அமர்வு கொச்சியிலும் உண்டு, சென்னையிலும் உண்டு.

இத்துறையின் சிறப்புக்கு நம் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே பெருஞ்சான்று இருக்கிறது. 1906 அக்டோபர் 22-ஆம் நாள் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. அதில் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றனர். அக்கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் பின்னர்ச் சிறை செல்லவும் நேர்ந்தது. கடன் கொடுத்து இழந்தோருக்காகப் போராடிய வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர். ஒரு பெரிய நிறுவனம் எப்படி உள்ளிருந்தே அரித்துப்போகிறது என்பதை அவர் பத்திரங்களிலும் கணக்குகளிலும் கண்டார். கண்டவர் வழக்கோடு நின்றுவிடவில்லை. நம்மவர் பணத்துக்கு நம்மவரே காப்பாக ஒரு வங்கி வேண்டும் என்று முனைந்தார். செட்டிநாட்டு வணிகரும் பிறரும் துணைநின்றனர். 1907 மார்ச் 5-ஆம் நாள் இந்தியன் வங்கி பதிவாயிற்று; அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் அதன் வாயில் திறந்தது. வீழ்ந்த வீட்டை ஆராய்ந்தவரே வீழாத வீட்டைக் கட்டுவதற்கு வழி கண்டார்.

இவ்வைந்தோடு, வாழும் ஊருக்கு ஏற்ற துறை ஒன்றும் உண்டு. கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் ஏறினால் விழிஞ்ஞம் சென்று சேரலாம். ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அங்குள்ள ஆழ்கடல் துறைமுகத்துக்கு 2024 ஜூலையில் முதல் பெருங்கப்பல் வந்தது; 2025 மே 2-ஆம் நாள் துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கப்பல் வந்தால் சரக்குச் சீட்டு வரும், காப்பீடு வரும், தகராறும் வரும். கப்பற் சரக்குச் சீட்டைப் பற்றிய 1856-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் 2025-இல் புதிய சட்டம் இயற்றியிருக்கிறது. ஆகவே துறையைத் தேர்ந்தெடுக்குமுன் தம் ஊரில் என்ன தொழில் வளர்கிறது என்று சுற்றிப் பார்த்தல் வேண்டும். தூத்துக்குடியில் இருப்பவர்க்குக் கடலும் உப்பும், திருப்பூரில் இருப்பவர்க்குப் பின்னலாடை ஏற்றுமதியும், பெங்களூரில் இருப்பவர்க்குக் கணினியும் நல்ல பள்ளிக்கூடங்கள்.

இவ்வளவும் கேட்ட அப்பெண், “அப்படியானால் வக்கீல் தொழிலை விடாமலே ஒரு கம்பெனியையும் பார்த்துக்கொள்ளலாமே, மாமா?” என்றாள். ஆகாது என்றோம். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் இதில் தெளிவானவை. 47-ஆம் விதியின்படி வழக்கறிஞர் தாமே நேரடியாக வியாபாரம் நடத்தலாகாது. தொழிலின் கௌரவத்துக்கு ஒவ்வாததாக இல்லையெனில் உறங்கும் பங்காளியாக இருக்கலாம். 48-ஆம் விதியின்படி கம்பெனியின் இயக்குநராகவோ, இயக்குநர் குழுவின் தலைவராகவோ இருக்கலாம். ஆனால் அன்றாட நிர்வாகப் பொறுப்பு இருத்தலாகாது. நிர்வாக இயக்குநராகவோ செயலாளராகவோ அமர்தல் கூடாது. 49-ஆம் விதியின்படி முழுநேரச் சம்பள உத்தியோகம் ஏற்றால், அதை வழக்கறிஞர் மன்றத்துக்குத் தெரிவித்து, அந்த உத்தியோகத்தில் இருக்கும்வரை தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். உத்தியோகத்தை விட்டபின் மீண்டும் அங்கியை எடுத்து அணிவதற்கு வழியுண்டு.

பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே ‘மேத்தன் மணி’ என்றொரு பழைய கடிகாரம் இருப்பதை இவ்வூருக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். மணி அடிக்கும்போது இரண்டு ஆட்டுக் கடாக்கள் இரு புறத்திலிருந்தும் வந்து நடுவிலுள்ள முகத்தின் கன்னங்களில் மோதும்படி செய்த பொறி அது. இரண்டு தொழிலையும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ள நினைப்பவர் நிலை அந்த முகத்தின் நிலைதான் என்றோம். அவள் சிரித்துவிட்டாள்.

ஆனால் சிரித்து விடுவதற்கு அப்பால் இதில் ஒன்று இருக்கிறது. கரையைக் கடப்பவர் அக்கரையின் நட்டத்தையும் ஏற்கத் துணிய வேண்டும். ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1894-இல் பிளீடர் தேர்வில் தேறியவர். ஏழைகளுக்காகக் குற்ற வழக்குகளில் வாதாடிப் பெயர் பெற்றவர். தூத்துக்குடிக்கு வந்தபின் வணிகரோடு பழகினார். கடல் வாணிபம் அயலார் கையில் இருப்பதைக் கண்டார். 1906 அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வறியோரும் வாங்கத்தக்கதாகப் பங்கின் விலையைக் குறித்ததில் வழக்கறிஞரின் நுட்பமும் இருந்தது, நாட்டுப்பற்றும் இருந்தது. 1907-இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் கப்பல்கள் வந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து, பிறகு இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முற்பட்டது. 1908-இல் அவர் சிறைப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைந்தது. வழக்காடும் உரிமையும் பறிபோயிற்று. 1912 இறுதியில் விடுதலையானபின் வறுமையில் உழன்றார். பிற்காலத்தில் வாலஸ் என்னும் நீதிபதியின் உதவியால் அவ்வுரிமை திரும்பக் கிடைத்தது. அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார்.

கம்பெனிச் சட்டத்தைத் தம் துறையாகக் கொண்டு தேர்ந்தவர் அல்லர் சிதம்பரனார். குற்ற வழக்கில் பழகியவர் வாணிபத்துக்கு வர முடியாது என்னும் எண்ணம் பொய் என்பதற்கு அவர் சான்று. சாட்சியைக் கேள்வி கேட்டுப் பழகியவர்க்கு மனிதரை மதிப்பிடத் தெரியும். அதுவும் வாணிபத்துக்கு மூலதனமே. எனினும் ஒருவர் செய்த தியாகத்தை எல்லார்க்கும் வழியாகக் காட்டுதல் தகாது. சட்டத்தைக் கற்றபின் வாணிபத்தையும் தனியே கற்றுக்கொண்டு கடந்தவரும் உளர்.

கோட்டையூர் அழகப்பச் செட்டியார் இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். பட்டத்தோடு நில்லாமல் இலண்டனில் ஒரு வங்கியில் பயிற்சி பெற்றார். சட்டம் தந்த அறிவுக்கு வங்கி தந்த அறிவைத் துணை சேர்த்துக்கொண்டு வாணிபத்தில் இறங்கினார். அன்றைய கொச்சி இராச்சியத்தில், இன்றைய திருச்சூர் மாவட்டத்தில், அவர் நிறுவிய நூற்பாலை அமைந்த ஊர் இன்றும் அழகப்பநகர் என்றே வழங்குகிறது. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வளர்வதற்கு ஓர் இலட்சம் ரூபாய் நன்கொடை அளித்தவரும் அவரே. வேற்று மண்ணில் தொழில் செய்து, அம்மண்ணிலேயே தமிழுக்கும் இடம் தேடிக்கொடுத்த அவரை நம் போன்றோர் மறத்தலாகாது.

வேற்று மாநிலத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு சொல் தனியே கூறுதல் வேண்டும். கீழ்நிலை நீதிமன்றங்களில் அவ்வம்மாநில மொழியே பெரிதும் வழங்குகிறது. கிராமத்துப் பத்திரங்களும் அம்மொழியிலேயே இருக்கின்றன. பேசத் தெரிந்தால் போதாது. படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும். மலையாளம் பேசிக்கொண்டே வளர்ந்த நம் கீழ்வீட்டுப் பெண்கூட, பழைய ஆதாரம் ஒன்றைப் படிக்கத் தடுமாறியதை நாம் கண்டோம். அதைக் கற்றுவிட்டால் நமக்குள்ள நன்மை சிறிதன்று. 2011 ஜூன் 15 முதல், ஒரு மாநிலத்தில் பதிவு பெற்ற வழக்கறிஞர் இந்தியா முழுவதும் தொழில் புரியும் உரிமை நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டு மில்லுக்கும் கேரளத்துக் கடைக்கும் இடையே ஒப்பந்தம் எழுத, இரு மொழியும் அறிந்தவரைவிடத் தக்கவர் யார்? இரு மொழியிலும் ஒரு சொல் ஒரே பொருளைத் தருகிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் கம்பெனிக்கு வேண்டியவர். இதை நாம் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

பெற்றோர்க்கும் ஒன்று சொல்லலாம். தொடக்கத்தில் ஜூனியராக இருக்கும் ஆண்டுகளில் வருமானம் மிகக் குறைவு. உடனே சம்பளம் தரும் வேலைக்குப் போ என்று நெருக்குவது இயல்பே. ஆயினும் மூன்று நான்கு ஆண்டுகளேனும் நீதிமன்றத்தைக் கண்டவர் எழுதும் ஒப்பந்தத்துக்கும், காணாதவர் எழுதும் ஒப்பந்தத்துக்கும் வேற்றுமை உண்டு. தாம் எழுதும் வாக்கியத்தை எதிர்த்தரப்பு வக்கீல் நாளை எப்படிக் கிழிப்பார் என்பது முன்னவர்க்குத் தெரியும். இயன்றவரை அந்த ஆண்டுகளைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். இயலாத குடும்பங்களில் கம்பெனியின் சட்டப் பிரிவில் நேரே சேர்வதும் குற்றமன்று. அங்கேயும் கணக்கரோடும் விற்பனையாளரோடும் பழகினால் அதே கல்வி கிடைக்கும்.

அப்பெண் என்ன முடிவு செய்தாள் என்று கேட்பீர்கள். ஒப்பந்தமும் வங்கிக் கடன் வழக்குகளும் பார்க்கும் வழக்கறிஞரிடம் தொடர்ந்து இருந்து, பத்தாண்டு நிறைந்தபின் நொடிப்புத் துறைத் தேர்வு எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறாள். “பத்து வருஷமா! அதற்குள் ஜட்ஜ் பரீட்சையாவது எழுதக்கூடாதா, அண்ணாச்சி, நீங்கள் சொல்லுங்கள்” என்று அவளுடைய தாயார் நம்மிடம் முறையிட்டார். நாம் விடை சொல்லுமுன் தந்தையார் உள்ளேயிருந்து வந்தார். கையில் ஒரு பழைய பேரேடு. விற்றுப்போன கடையினுடையது, அதை மட்டும் அவர் எவருக்கும் கொடுக்கவில்லை.

இப்பொழுது இரவு எட்டு மணிக்குமேல் கீழ்வீட்டில் பாடம் நடக்கிறது. பற்று, வரவு, நிலுவை, சரக்கிருப்பு என்று தந்தை சொல்ல மகள் எழுதுகிறாள். எந்த மாதத்தில் நண்பரின் கணக்கில் சந்தேகம் தோன்றியிருக்க வேண்டும் என்பதை அவரே அவளுக்கு விரல் வைத்துக் காட்டினாராம். “அன்றைக்கு இதை நான் பார்க்கவில்லை, அம்மா, நீ பார்” என்றாராம். தம் நட்டத்தையே மகளுக்குப் பாடமாகக் கொடுக்கும் அவரைவிடச் சிறந்த ஆசிரியரை எந்தக் கல்லூரியில் தேடுவது?

சாலைத் தெருவில் கடைக்காரர் சிலர், பத்திரத்தில் கையெழுத்து இடுமுன் அதை அவளிடம் காட்டிவிட்டுப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். அவளும் தன் சீனியரிடம் கேட்டுத்தான் சொல்கிறாள். அவள் விரும்பிய மேசை இன்னும் எட்டவில்லை. எனினும் கையெழுத்து விழுவதற்கு முன்னே அவள் அங்கே இருக்கத் தொடங்கிவிட்டாள்.